காபா வந்தும் மின்னழுத்தம் அசையவில்லை, பிறகு எது தடுக்கிறது?

கேள்விக்குறி

உடலியங்கியல் பாடத்துல ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். குளூட்டமேட், காபா ரெண்டும் ஒரு நியூரான் (நரம்பு செல்) இன்னொண்ணுக்கு அனுப்புற வேதிப்பொருட்கள். குளூட்டமேட் வந்தா சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் மேலே ஏறும், அது தூண்டல். காபா வந்தா குளோரைடு உள்ளே வரும், மின்னழுத்தம் கீழே இறங்கும், த்ரெஷோல்ட் (நியூரான் சுடத் தொடங்குற மட்டம்) எட்டாத தூரத்துக்குப் போயிடும், அது தடுப்பு. படிக்க சுலபமா இருக்கு.

எண்களைப் போட்டுப் பார்த்தாத்தான் வம்பு. வெளியே குளோரைடு 120 மில்லிமோலார், உள்ளே 8ன்னு வெச்சுக்கிட்டு நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுல (அயனி எந்த மின்னழுத்தத்துல சமநிலைக்கு வரும்னு சொல்றது) போட்டா −72 மில்லிவோல்ட் வருது. நியூரானோட ஓய்வு மின்னழுத்தமே −70. வெறும் 2 மில்லிவோல்ட் இறங்குறதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? சில நியூரான்கள்ல ரெண்டு எண்ணும் ஒண்ணாவே இருக்கும்னு வேற எழுதியிருக்கு. அங்கே காபா வந்தா ஊசி முனை அளவுகூட அசைவு இருக்காதே. அசைக்காத ஒண்ணு எப்படித் தடுக்கும்?

சுற்றுவட்டம்

நான் மின்னணுவியல் ஆள், உயிரியல் ஓரளவுதான் தெரியும். ஆனா இந்தக் கேள்வி எங்க பக்கத்துக் கேள்வி.

மின்னழுத்தத்தை மட்டும் பார்க்காதீங்க, கடத்துத்திறனைப் பாருங்க. ஒரு சின்ன நியூரானை எடுத்துக்குவோம். எண்கள் கணக்குக்காக நான் போடுறவை.

சவ்வின் வழக்கமான கசிவு 10 நானோசீமன்ஸ் (கடத்துத்திறனோட அலகு), அது இழுக்கும் இடம் −70. தூண்டும் சினாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திக்கிற இடம்) திறந்தால் 3 நானோசீமன்ஸ், அது இழுக்கும் இடம் 0. த்ரெஷோல்ட் −55.

தூண்டல் மட்டும் வந்தால் மின்னழுத்தம் (10 × −70 + 3 × 0) ÷ 13, அதாவது −53.8. த்ரெஷோல்டைத் தாண்டியாச்சு, நியூரான் சுடும், அதாவது மின்துடிப்பை அனுப்பும்.

இப்போ காபா வாசல் 10 நானோசீமன்ஸ் திறக்கட்டும். அது இழுக்கும் இடமும் அதே −70தான். காபா மட்டும் தனியா வந்தால் மின்னழுத்தம் −70லயே நிக்கும். நீங்க சொன்ன மாதிரி ஊசி அசையாது. ஆனா தூண்டலும் கூட வந்தால்? (20 × −70) ÷ 23 = −60.9. முன்னே 16 மில்லிவோல்ட் ஏறின அதே தூண்டல் இப்போ 9 மில்லிவோல்ட்தான் ஏறுது. நியூரான் சுடாது.

காபா செய்தது ஒண்ணே ஒண்ணு: சவ்வின் மின்தடையைக் குறைச்சது. அதே மின்னோட்டம், குறைஞ்ச மின்தடை, அதனால குறைஞ்ச மின்னழுத்தம். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை. ஊத்துற வேகம் மாறலை, ஆனா மட்டம் ஏறாது. காலிக் குடத்துல ஓட்டை போட்டா ஒண்ணும் தெரியாது, தண்ணி ஊத்தும்போதுதான் தெரியும். இதுக்கு ஷன்ட் தடுப்புன்னு பேரு.

கேள்விக்குறி

அடடா! கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியா வருது. தனியா அளந்தா பூஜ்யம், கூட்டு சேர்ந்தா பாதி. இதை ஏன் சார் புத்தகத்துல முதல் பக்கத்துலயே சொல்ல மாட்டேங்கிறாங்க?

தவளைக்கால்

இதைக் கண்டுபிடிச்சே எழுபது வருஷத்துக்கு மேல ஆகுது தம்பி.

நண்டு, இறால் வகைகளில் ஒரு வசதி உண்டு. நம் எலும்புத் தசைகளுக்குத் தூண்டும் நரம்பு மட்டுமே வருகிறது. தடுப்பு முழுவதும் தண்டுவடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அந்த ஓட்டுடலிகளில் தசை நாருக்கே தூண்டும் நரம்பு, தடுக்கும் நரம்பு என்று இரண்டும் வருகின்றன. 1953-ல் ஃபாட், காட்ஸ் இருவரும் அந்தத் தசையில் மின்முனையைச் செருகிப் பார்த்தபோது, தடுக்கும் நரம்பை மட்டும் தூண்டினால் மின்னழுத்தத்தில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. அதே வேளையில் தூண்டும் நரம்பின் விளைவு குறைந்தது. சவ்வின் கடத்துத்திறன் கூடுகிறது என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

அதற்கு முன் நடந்த கதை இன்னும் சுவாரசியம். நரம்பு என்றால் தூண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1845-ல் வேபர் சகோதரர்கள் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினார்கள், இதயம் நின்றது. நரம்பைத் தட்டினால் ஓர் உறுப்பு ஓய்வதா என்று அன்றைக்குப் பலராலும் ஜீரணிக்க முடியவில்லை. 1863-ல் ரஷ்யாவின் செச்செனோவ், தவளையின் மூளையில் ஒரு பகுதியில் உப்புக் கல்லை வைத்தார். அமிலத்தில் நனைத்த காலை அது இழுத்துக்கொள்ளும் அனிச்சை தாமதமானது. மூளையும் தடுக்கும் என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று.

உடலியங்கியல் ஆய்வாளர் எக்கிள்ஸ் விஷயம் தனி. சினாப்ஸில் நடப்பது வேதியியல் அல்ல, நேரடி மின்சாரம்தான் என்று வருடக்கணக்காக வாதாடியவர் அவர். 1951-ல் நியூசிலாந்தின் டுனெடினில், பிராக், கூம்ப்ஸ் இருவருடன் சேர்ந்து பூனையின் தண்டுவட இயக்க நியூரானுக்குள் நுண்மின்முனையைச் செலுத்திப் பதிவெடுத்தார். அவருடைய மின்சாரக் கொள்கைப்படி தடுப்பின்போது பதிவு ஒரு பக்கம் போக வேண்டும். திரையில் அது எதிர்ப்பக்கம் போனது. தன் கொள்கையைத் தானே கைவிட்டு எழுதினார். 1963-ல் நோபல் பரிசு.

அதன் பிறகு 1955-ல் அவர் குழு செய்த சோதனைதான் என் கணக்கில் உச்சம். அதே நியூரானுக்குள் குளோரைடை மின்முனை வழியாகச் செலுத்தினார்கள். கீழே இறங்கிக்கொண்டிருந்த தடுப்பு அலை தலைகீழாகி மேலே ஏறியது. வாசல் அதேதான், எதிர்ப்பக்கம் திறக்கவில்லை. உள்ளிருந்த அயனி அளவு மாறியது, திசை மாறியது.

அயனிப்பாதை

தவளைக்கால் ஐயா கடைசியில் சொன்ன சோதனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்த இழையின் மீதிப் பாதி அதில்தான் இருக்கிறது. (நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.)

காபா-ஏ ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை விடும் அமைப்பு. பெரும்பாலும் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா. காபா ஒட்டியதும் துளை திறக்கும், குளோரைடு போகும். எந்தப் பக்கம் போகும் என்பதை ஏற்பி தீர்மானிப்பதே இல்லை. உள்ளே எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்த அளவைக் குறைவாக வைத்திருப்பது கேசிசி2 என்ற இறைப்பான். பொட்டாசியம் வெளியே போக விரும்பும் விசையைப் பயன்படுத்தி, கூடவே குளோரைடையும் வெளியே தள்ளுகிறது. இதற்கு எதிராக என்கேசிசி1 என்ற இன்னொரு புரதம் குளோரைடை உள்ளே கொண்டுவருகிறது.

நெர்ன்ஸ்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். உள்ளே 8 மில்லிமோலார் என்றால் −72. 15 என்றால் ஏறக்குறைய −55. 25 என்றால் −42. இறைப்பான் சற்றே சோர்ந்தால் போதும், தடுப்பின் திசையே கேள்விக்குறியாகிவிடும் (உங்கள் பெயரைச் சொல்லவில்லை).

இன்னொரு நுணுக்கம். அந்தத் துளை குளோரைடுக்கு மட்டும் ஆனதல்ல. பைகார்பனேட்டும் ஓரளவு போகும், அதுவும் வெளியே. அதனால் காபாவின் உண்மையான சமநிலை, வெறும் குளோரைடு கணக்கைவிடச் சில மில்லிவோல்ட் மேலேதான் இருக்கும்.

புத்தகத்தில் சொல்லும் "கீழே இறங்கும்" தடுப்பு பொய்யில்லை. காபா-பி என்ற வேறு ஏற்பி இருக்கிறது. அது தானே ஒரு துளை அல்ல. செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதத்தைக் கிளப்பி, அதன் மூலம் பொட்டாசியம் வாசல்களைத் திறக்கும். பொட்டாசியத்தின் சமநிலை −90 பக்கம், அதனால் இறக்கம் தெளிவாகத் தெரியும். காபா-ஏ சில பத்து மில்லிநொடிகளில் முடியும், காபா-பி நூற்றுக்கணக்கான மில்லிநொடிகள் நீளும். அதே காபா-பி, செய்தியை வெளியே கொண்டுபோகும் ஆக்சானின் முனையில் உட்கார்ந்திருந்தால் கால்சியம் வாசல்களை ஒடுக்கி, வேதிப்பொருள் வெளியேறுவதையே குறைத்துவிடும். அங்கே எதிர்ப்பக்க நியூரானின் மின்னழுத்தத்தைத் தொடவே வேண்டியதில்லை.

சுற்றுவட்டம்

> 15 என்றால் ஏறக்குறைய −55

இதை என் கணக்குல போட்டுப் பார்த்தேன், ஒரு வேடிக்கை. காபா இழுக்கும் இடம் −60ன்னு வைங்க. தனியா வந்தால் மின்னழுத்தம் −70ல இருந்து −65க்கு *ஏறும்*. தூண்டலும் சேர்ந்தால் −56.5. இன்னும் த்ரெஷோல்டுக்குக் கீழேதான். மேலே ஏத்திக்கிட்டே தடுக்குது! −50ன்னு வெச்சால் −52.2, தாண்டிடுச்சு. ஆக, காபா இழுக்கும் இடம் த்ரெஷோல்டுக்குக் கீழே இருக்கும் வரைக்கும் தடுப்பு, மேலே போனால் தூண்டல். சுலபமான விதி.

அயனிப்பாதை

விதி நல்ல விதிதான், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் கணக்கு முழு நியூரானும் ஒரே புள்ளி, எல்லாம் ஒரே கணத்தில் என்று எடுத்துக்கொள்கிறது.

வாசல் மூடியதும் ஷன்ட் உடனே போய்விடும். ஆனால் அது ஏற்றிவிட்ட மின்னழுத்தம் சவ்வின் மின்தேக்கத்தால் இன்னும் சில மில்லிநொடிகள் தங்கும். அந்த இடைவெளியில் தூண்டல் வந்து சேர்ந்தால், அதே காபா உதவியாகிவிடும். இடமும் முக்கியம். ஷன்ட் பெரும்பாலும் உள்ளூர் விளைவு. ஏற்றம், உள்ளீட்டை வாங்கும் கிளையான டென்ட்ரைட் வழியே தூரம் போகும். எங்கோ தொலைவுக் கிளையில் விழுந்த காபா, செல் உடலில் ஓட்டை போடாமலே ஏற்றத்தை மட்டும் அனுப்பிவைக்கலாம். ஆக ஒரே காபா முதல் கணத்தில் தடுத்து அடுத்த கணத்தில் தூண்டவும் முடியும்.

சுற்றுவட்டம்

நேர மாறிலியைச் சேர்த்து ஒரு சிமுலேஷன் ஓட்டினால் அது தெரியும்னு ஒத்துக்கறேன். ஆனாலும் ஒரு மாணவருக்கு முதல் விதி இதுவாத்தான் இருக்கணும். விதிவிலக்கிலிருந்து பாடம் தொடங்கினா யாருக்கும் விளங்காது.

வார்டுமருத்துவர்

உள்ளே குளோரைடு கூடுவது ஆய்வுக்கூட விளையாட்டு மட்டும் இல்லை. மூன்று இடத்தில் நாங்கள் அதோடு மல்லுக்கட்டுகிறோம்.

பச்சிளம் குழந்தை முதலாவது. முதிராத நியூரானில் என்கேசிசி1 அதிகம், கேசிசி2 குறைவு. 1989-ல் பென்-ஆரி குழு பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் காபா மின்னழுத்தத்தை ஏற்றுவதைக் காட்டியது. பிறந்த குழந்தையின் வலிப்புக்கு, காபா-ஏ வழியாக வேலை செய்யும் ஃபீனோபார்பிட்டால் மருந்து சரியாகப் பிடிக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. என்கேசிசி1-ஐ அடைக்கும் பூமெட்டனைடு கொடுத்தால் சரியாகும் என்று ஐரோப்பாவில் சோதித்தார்கள். வலிப்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை, கேட்புத்திறன் பாதிப்பு வந்தது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் அழகாக இருந்த யோசனை.

நிற்காத வலிப்பு அடுத்தது. நியூரான்கள் விடாமல் சுட்டுக்கொண்டே இருந்தால் காபா வாசல் வழியாகக் குளோரைடு உள்ளே குவிகிறது. கூடவே காபா-ஏ ஏற்பிகள் சவ்விலிருந்து செல்லுக்குள் இழுக்கப்பட்டு விடுகின்றன. இரண்டும் சேர்ந்து, காபா-ஏ ஏற்பியில் வேலை செய்யும் லோராசெபாம், மிடசோலாம் போன்ற மருந்துகள் நேரம் ஆக ஆகப் பலனிழக்கின்றன. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டியதும் மருந்தைக் கையில் எடு என்று நாங்கள் அவசரப்படுவது இதனால்தான்.

மூன்றாவது நரம்பு வலி. 2003-ல் எலிகளில் காட்டினார்கள்: வெளிநரம்பு காயப்பட்டால் தண்டுவடத்தின் மேலடுக்கு நியூரான்களில் கேசிசி2 குறைகிறது, தடுப்பு தளர்கிறது.

இரவுப்பறவை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தூக்கம் வராமல் காபா மாத்திரை விற்பதைப் பார்த்தேன். இவ்வளவு படித்த பிறகு கேட்கிறேன், அதை விழுங்கினால் மூளைக்குப் போகுமா? கபாபென்டின் என்பதும் அதேதானா?

வார்டுமருத்துவர்

காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாக நுழையாது. ரத்த-மூளைத் தடுப்பு வழி விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டிய காபாவைத் தானே செய்துகொள்கிறது, அதுவும் குளூட்டமேட்டிலிருந்து. தூண்டும் பொருளிலிருந்து ஒரே ஒரு கார்பாக்சில் தொகுதியை வெட்டினால் தடுக்கும் பொருள்! அந்த வெட்டை ஜிஏடி என்ற நொதி செய்கிறது, அதற்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். உடலில் பி6 செயலிழந்துபோகும் மரபுக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு, வேறெந்த மருந்துக்கும் நிற்காத வலிப்பு பி6 ஊசியில் நிற்பதுண்டு.

கபாபென்டின் பெயரில்தான் காபா. காபா ஏற்பியில் ஒட்டுவதில்லை. கால்சியம் வாசலின் ஒரு துணைத் துண்டில் ஒட்டி வேலை செய்கிறது. காபா-பியை உண்மையிலேயே கிளப்பும் மாத்திரை பேக்லோஃபென், அது தசை இறுக்கத்துக்கு. தூக்கம் பல நாளாக வரவில்லை என்றால் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்விக்குறி

டாக்டர், டயசெபாமும் பார்பிட்டியூரேட்டும் மூளையை அடக்குற மருந்துகள், ரெண்டும் ஒரே காபா-ஏலதானே ஒட்டுது? அப்புறம் ஏன் ஒண்ணு அளவு மீறினா அவ்வளவு ஆபத்து, இன்னொண்ணு அந்த அளவுக்கு இல்லை?

வார்டுமருத்துவர்

ஒட்டும் இடம் வேறு. டயசெபாம் வகை ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, காபா ஒட்டும்போது துளை *அடிக்கடி* திறக்க வைக்கும். காபாவே இல்லாவிட்டால் அதனால் திறக்க முடியாது. அதனால் தனியாக எடுத்தால் அதன் விளைவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பார்பிட்டியூரேட் திறந்த துளையை *நீண்ட நேரம்* திறந்தே வைக்கும். அளவு கூடினால் காபா இல்லாமலே திறந்துவிடும். அதற்கு வரம்பில்லை, மூச்சு மையமும் அடங்கிப்போகும். ஆனால் டயசெபாமும் மதுவோடு, ஓபியாய்டு (மார்பீன் வகை) மருந்தோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும். "அந்த அளவுக்கு இல்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தவளைக்கால்

தடுப்பு போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்ட்ரிக்னின் நஞ்சும் டெட்டனஸும். தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் தடுப்பில் பெரும்பங்கு கிளைசின் என்ற இன்னொரு வேதிப்பொருளுடையது. ஸ்ட்ரிக்னின் கிளைசின் ஏற்பியை அடைத்துவிடும். டெட்டனஸ் நச்சு இன்னும் தந்திரமானது: தசையருகே நரம்பு முனையில் ஏறி, ஆக்சான் வழியே பின்னோக்கிப் பயணித்துத் தண்டுவடத்தை அடைந்து, அங்கே அடுத்த செல்லான தடுப்பு நியூரானுக்குள் தாவுகிறது. வேதிப்பொருள் பைகளை வெளியேற்ற உதவும் சினாப்டோபிரெவின் புரதத்தை வெட்டுகிறது. கிளைசினும் காபாவும் வெளியே வராது.

ஒன்று ஏற்பியில், மற்றது வெளியேற்றத்தில். உடலில் தெரிவது ஏறக்குறைய ஒன்றேதான்: மடக்கும் தசை, நீட்டும் தசை இரண்டும் ஒரே நேரத்தில் இறுகி, உடல் வில்லாக வளையும், நினைவு தப்பாமலே. ஒரு தசை சுருங்கும்போது எதிர்த்தசையை அடக்கி வைப்பது தடுப்பு நியூரான்தான் என்பதை இதைவிடக் கொடூரமாகக் காட்ட முடியாது.

கூடுதலாக ஒன்று: போட்டுலினம் நச்சின் பி வகை, டெட்டனஸ் வெட்டும் அதே புரதத்தை அதே இடத்தில் வெட்டுகிறது. ஆனால் அது தசை முனையிலேயே தங்கிவிடுவதால் அங்கே தசை தளர்ந்து போகிறது. கத்தி ஒன்று, வெட்டும் ஊர் வேறு.

கேள்விக்குறி

இன்னொரு சந்தேகம். காபாவும் கிளைசினும் "தடுக்கும் பொருட்கள்", குளூட்டமேட் "தூண்டும் பொருள்"னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். இந்த இழையைப் படிச்சப்புறம் அந்தப் பட்டியல் மேலேயே நம்பிக்கை போச்சு.

அயனிப்பாதை

போகட்டும், நல்லதுதான். தசையைச் சுருங்க வைக்கும் அதே அசெட்டைல்கோலின்தான் இதயத்தில் பொட்டாசியம் வாசலைத் திறந்து துடிப்பை மெதுவாக்குகிறது. 1921-ல் லோவி தவளை இதயத்தில் காட்டிய வேகஸ் பொருள் அதுவே. விழித்திரையில் ஒளி பட்டதும் விழித்தெழும் ஒரு வகை இருமுனைச் செல் உண்டு. இருட்டில் அதை அடக்கி வைப்பது குளூட்டமேட். புழுக்களிலும் பூச்சிகளிலும் குளூட்டமேட்டுக்குத் திறக்கும் குளோரைடு வாசலே இருக்கிறது. ஐவர்மெக்டின் அதைத் திறந்து வைத்துத்தான் புழுவை முடக்குகிறது. நமக்கு அந்த வாசல் கிடையாது. பொருளைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, ஏற்பியையும் அது எந்த அயனிக்குத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து எந்த இடத்தில் என்பது. மூளையின் மேலடுக்கான புறணியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நியூரான்கள் தடுப்பு வகை. கூடைச் செல்கள் செல் உடலைச் சுற்றிப் பிடித்து, எப்போது சுட வேண்டும் என்ற நேரத்தை நறுக்குகின்றன. மார்ட்டினாட்டி செல்கள் தொலைவு டென்ட்ரைட்டுகளில் போய், எந்த உள்ளீடு செல் உடல் வரை வரலாம் என்று வடிகட்டுகின்றன. சாண்டலியர் செல்கள் ஆக்சான் தொடங்கும் இடத்திலேயே உட்காருகின்றன.

இது போதாதென்று, தடுப்பைத் தடுக்கும் நியூரான்களும் உண்டு. கண் அசைவைப் பாருங்கள். நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் ஒரு பகுதி, ஓய்வில்கூட நிற்காமல் சுட்டு, கண்ணை ஓட்டும் மேடான சுப்பீரியர் கொலிகுலஸைக் காபாவால் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கண் தாவப் போகும் முன், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்திலிருந்து வரும் காபா அந்தப் பகுதியை ஒரு கணம் நிறுத்துகிறது. பிடி தளர்ந்ததும் கண் தாவுகிறது. 1983-ல் ஹிக்கோசாக்கா, வர்ட்ஸ் இருவரும் குரங்குகளில் பதிவெடுத்தது இதை. இரண்டு சினாப்ஸும் காபாதான், கிடைத்தது ஓர் அசைவு.

கேள்விக்குறி

அப்படின்னா கடைசியா ஒண்ணு. டிராவெட் சிண்ட்ரோம்ல (குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்) சோடியம் வாசல் மரபணு ஒரு பிரதி கெட்டுப்போய் சோடியம் வாசல் *குறையுது*ன்னு படிச்சேன். சோடியம் குறைஞ்சா நியூரான் சுடறது குறையணும். ஆனா அந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு அதிகம். இதுவும் அதே கதையா?

வார்டுமருத்துவர்

அதே கதை. அந்த மரபணு எஸ்சிஎன்1ஏ. அது செய்யும் வாசலை அதிகமாக நம்பியிருப்பவை வேகமாகச் சுடும் தடுப்பு நியூரான்கள், குறிப்பாகக் கூடைச் செல்கள். வாசல் பாதியானதும் முதலில் தடுமாறுவது அவைதான். தூண்டும் செல்களுக்கு வேறு சோடியம் வாசல்களும் கைகொடுக்கின்றன. அதனால்தான் கார்பமசெபைன், லாமோட்ரிஜின் போன்ற சோடியம் வாசலை அடைக்கும் வலிப்பு மருந்துகளை அந்தக் குழந்தைகளுக்குத் தவிர்க்கிறோம். மிச்சமிருக்கும் தடுப்பையும் அவை எடுத்துவிட்டு வலிப்பைக் கூட்டும். முதல் பிறந்தநாளுக்கு முன்பே காய்ச்சலோடு நீண்ட நேர வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால், மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த மரபணுவைப் பார்த்துவிடுவது நல்லது.